மகேசன் இன்னும் வேலையில் நிற்கிறார்

அத்தியாயம் பதினான்கு

போன கிழமை சிவமலரை ஸ்டோவ்னரில், ஆளில்லாத பாலர் பள்ளியில், சுவரைப் பார்த்தபடி இருந்த பொம்மைகளுக்கு நடுவில் தனியே விட்டுவிட்டோம். பயப்பட வேண்டாம், அவள் பத்திரமாக அம்மருட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். வந்தவள் சோறு சாப்பிட்டாள். தலையணையில் தலை வைத்ததும் நித்திரையானாள். நித்திரையில் சிரித்தாள். புருசன் செத்து ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணின் முகத்தில் வரக்கூடாத சிரிப்பு அது.

இன்று வெள்ளிக்கிழமை. விடிந்துவிட்டது என்று மணிக்கூடு சொன்னது. நவம்பர் கடைசியில் ஒஸ்லோவின் வானத்துக்கு அதில் உடன்பாடில்லை.

“அம்மா, ஐயர் மூண்டாந்தரமும் போன் அடிச்சிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓமோ இல்லையோ?”

கேட்டது மகள் ஆரபி. சட்டம் படிக்கிறவள். படிக்கப் போவதற்கு முன்பும் அப்படித்தான். பிறந்த அன்றே மருத்துவத்தாதியைக் குறுக்கு விசாரணை செய்தாள் என்று குடும்பத்தில் ஒரு கதை உண்டு.

“இல்லை,” என்றாள் சிவமலர், தோசையைத் திருப்பியபடி.

“என்ன இல்லை?”

“அந்தியேட்டி இல்லை. ஐயரிட்டைச் சொல்லிவிடு.”

ஆரபி கையிலிருந்த கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள். அதுவரைக்கும் உயிர் வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் நிற்கும், அன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் தன் பாட்டில் போய்விடும் என்பது எங்கள் நம்பிக்கை. மண்டபம் எடுத்தாயிற்று. சமையலுக்குச் சொல்லியாயிற்று. அஸ்தியைக் கடலில் கரைக்க நோர்வே அரசாங்கமே அனுமதி தந்துவிட்டது. சிவமலர்தான் தரவில்லை.

“ஏனம்மா?”

“அப்பா இன்னும் வேலையில நிக்கிறார், பிள்ளை. வேலையில நிக்கிற மனிசனை எப்பிடி அனுப்பிவைக்கிறது?”

அடுப்பில் தோசை கருகியது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

பாலர் பள்ளியின் துப்புரவு வேலை சிவமலரின் பெயரில் இருந்தது. ஆனால் அதை ஆரம்பத்திலிருந்து செய்தது இரண்டு பேர். பிள்ளைகள் போனபின் அவள் குசினியையும் கழிப்பறைகளையும் பார்ப்பாள். மகேசன் பெரிய கூடத்தின் நிலத்தைப் பார்ப்பார். எங்கள் ஆட்களில் பாதிப்பேரின் வேலை இப்படித்தான்: மனைவியின் பெயர், புருசனின் முதுகு. மகேசன் கதவருகில் தொடங்கமாட்டார். கடைசி மூலையில் தொடங்கி, துடைப்பத்தால் எட்டுப் போட்டுப் போட்டுப் பின்பக்கமாக வருவார். அதற்கு முன் பொம்மை மூலைக்குப் போய் ஒவ்வொரு பொம்மையையும் சுவரைப் பார்க்கத் திருப்பிவைப்பார். “சூப்பர்வைசர் மாதிரி முழிசிப் பாக்குதுகள். எனக்குக் கை ஓடாது,” என்பார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு சிவமலர் வேலைக்குத் திரும்பினாள். அந்த முதல் கிழமையே ஒரு பின்னேரம் கதவைத் திறந்தால், கூடத்தின் நிலம் ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது. பொம்மைகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எல்லா நாளும் இல்லை. நினைத்த நாளில். அவள் அடுத்த நாள் ஒரு பெட்டியில் வடையும் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியும் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் பார்த்தால் இரண்டும் முடிந்திருந்தன, பெட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. உயிரோடு இருந்த காலத்தில் மகேசன் ஒரு தேக்கரண்டிகூடக் கழுவியதில்லை. செத்த பிறகாவது திருந்தினாரே என்று சிவமலர் அந்த ஈர நிலத்தின் ஓரத்தில் நின்று விம்மி விம்மி அழுதாள், சந்தோசத்தில்.

இதையெல்லாம் இன்று காலைதான் மகளுக்குச் சொன்னாள்.

“ஹெர்ரெகுட்,” என்றாள் ஆரபி. நோர்வேஜியரின் ‘கடவுளே’ அது. “அம்மா, டொக்டர் சொன்னவா எல்லோ? இதுதான் சோர்க்-ஆர்பைட். துக்க வேலை. எல்லாரும் அதைச் செய்துதான் முடிக்கவேணும்.”

“துக்கப்படுறதும் வேலையே?” சிவமலர் அகப்பையோடு திரும்பினாள். “இந்த நாட்டில எதைத்தான் வேலை இல்லாமல் விடுறாங்கள்! அதுக்கு லீவு இருக்கோ? ஆள் வராட்டி வேற ஆளைப் போடுவாங்களோ?”

வேலை என்ற அந்தச் சொல்லோடு சிவமலருக்குப் பழைய பகை. நோர்வேயில் வந்து இறங்கியபோது அவளிடம் கைவசம் இருந்த ஒரே ஆங்கிலச் சொல் ‘வேர்க்’. அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு முதல் மாதம் முழுவதும் நோர்வேயை ஆண்டாள் என்றே சொல்லலாம். பொலிஸ்காரர் எதைக் கேட்டாலும் வேர்க். லிஃப்ட் நின்றால் நோ வேர்க். டொக்டர் மருந்தைத் தந்து அது வேர்க் பண்ணுதா என்று கேட்டார். நூதனசாலைக்குக் கூட்டிப்போன பெண், சாயச் சட்டி கவிழ்ந்தது போன்ற ஒரு படத்துக்கு முன்னால் நின்று “என்ன ஒரு வேர்க்!” என்று கண் கலங்கினாள். மாதா கோயிலுக்குப் போகும் சிநேகிதி அனஸ்ரேசியாவோ, ஏழைக்குக் கஞ்சி ஊற்றினாலும் வேர்க்தான், அது மோட்சத்தில் கணக்கு என்றாள்.

மகேசனுக்கு இந்த விளையாட்டெல்லாம் பிடிக்காது. அவருக்கு வேலை என்றால் ஒன்றுதான். குனிந்து எழும்ப வேண்டும், முதுகு நனைய வேண்டும், முடிந்தபின் தேத்தண்ணி ருசிக்க வேண்டும். அதனால்தான் மூத்தவன் நிருஜன் எஞ்சினியர் உத்தியோகத்தை விட்டுவிட்டு, புருசெத்தில் அறை எடுத்து, ஆட்களுக்குப் பச்சை குத்தக் கிளம்பியபோது அவர் கேட்டார்: “ஆக்களின்ர தோலில கீறுறது வேலையோடா?” நிருஜன் பதில் சொல்லவில்லை. இரண்டு வருடம் சொல்லவில்லை. இப்போது கேட்டவர் இல்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களோ, கட்டிப்பிடித்து அழுது முடித்த அடுத்த மூச்சில், “தம்பி இப்ப என்ன வேலை?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பத்து மணிக்கு அனஸ்ரேசியா போன் அடித்தாள். அவள் ரகசியம் பேசினால் புருசெத்தில் பனி சரியும். ஒலிபெருக்கி போடாமலே ஆரபிக்குக் கேட்டது.

“மலரக்கா, நீங்கள் சொன்னதை நான் யோசிச்சுப் பாத்தனான். இது மகேசண்ணை இல்லை. ஆரோ உங்களுக்கு வேலை செய்து போட்டினம். செய்வினை!”

“செய்து போட்டினம்தான், அனஸ்ரேசியா. மூலை முடுக்கெல்லாம் செய்து போட்டினம். இப்பிடி ஒரு செய்வினையை நாள்தோறும் செய்யட்டும். எனக்கு முழங்கால் நோ குறைஞ்சிருக்கு.”

“பகிடி விடாதேங்கோ அக்கா. தீர்த்தம் கொண்டு வரட்டே?”

“அவர் சைவம். உன்ர தீர்த்தத்தைக் கண்டால் கோவிச்சுக்கொண்டு போயிடுவார்.”

கடைசிச் சொல்லில் அவளுடைய குரல் உடைந்தது. ஆரபி அதைக் கவனித்தாள். அம்மா பேய்க்குப் பயப்படவில்லை. பேய் போய்விடும் என்றுதான் பயப்படுகிறாள்.

“இண்டைக்கு நானும் வாறன்,” என்றாள் ஆரபி. “வழமையைவிட வெள்ளெனப் போவம். அப்பா நிண்டால் நானே ஐயரிட்டை ‘இல்லை’ எண்டு சொல்லுறன். அப்பா இல்லாட்டி நீங்கள் ‘ஓம்’ எண்டு சொல்லவேணும். சரியோ?”

சிவமலர் அடுப்பைத் துடைத்து முடித்தாள். பிறகு, “அவரைக் கண்டால் சண்டை பிடிக்காதை,” என்றாள்.

பின்னேரம் நான்கு மணிக்கே நல்ல இருட்டு. ரயில் றொம்சோஸ் நிலையத்தில், மலையைக் குடைந்த குகைக்குள் நின்றபோது, ஆரபி யன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் அம்மாவின் முகம். அம்மா உதட்டுக்குப் பொட்டுப்போல் சாயம் பூசியிருந்தாள்.

பாலர் பள்ளியில் கடைசிப் பிள்ளையும் போயிருந்தது. தாயும் மகளும் விளக்குப் போடாமல் உடுப்பு மாற்றும் அறையில், முழங்கால் நாடியில் முட்ட, பிள்ளைகள் இருக்கிற குட்டி மர வாங்கில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஆனபடியால் கொக்கிகள் எல்லாம் வெறுமை; ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிள்ளையின் படம் மட்டும் சிரித்தது. எங்கோ குழாய் ஒன்று சொட்டியது. சுவருக்குள் வெந்நீர்க் குழாய்கள் முனகின. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குச் சத்தமே இல்லை, அதுதான் மோசம். சட்டப் புத்தகங்கள் அத்தனையும் படித்த ஆரபி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் முறிகிற அளவுக்குப் பிடித்தாள் என்று சிவமலர் பிற்பாடு எல்லோருக்கும் சொன்னாள்.

பின் கதவின் பூட்டில் திறப்பு திரும்பியது.

காலடி. பனியைத் தட்டுகிற சத்தம். வாளியின் சில்லு கீச்சிட்டது. கூடத்தின் கடைசி மூலையில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது; மகேசனும் அது ஒன்றைத்தான் போடுவார். கதவிடுக்கால் பார்த்தால், அவர் வேலைக்குப் போட்டுவரும் நீல யாக்கெற். குனிந்த முதுகு. ஒரு கை நீண்டு, ஒரு பொம்மையை எடுத்து, மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தது.

ஆரபி அம்மாவின் கையை விட்டாள்.

சிவமலர் எழும்பினாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து கூப்பிட்டமாதிரியே கூப்பிட்டாள்.

“இஞ்சேருங்கோ.”

முதுகு அசையவில்லை.

“இஞ்சேருங்கோ... நான்தான்.”

அது திரும்பியது. முகம் வெளிச்சத்துக்கு வந்தது. மகேசனின் மூக்கு, மகேசனின் நெற்றி. ஆனால் கழுத்தில் ஒரு பாம்பும் இரண்டு பூவும் பச்சை குத்தியிருந்தன.

“அம்மா,” என்றான் நிருஜன்.

அவள் ஓடிப்போய் மகனைக் கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தால் உங்களுக்குச் சிவமலரைத் தெரியாது. அவள் அவனுடைய நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள்.

“நீயோ! நீயோடா! வடையைத் திண்டதும் நீயோ?”

“ஓம்.”

“தேத்தண்ணி?”

“ஓம். சீனியே இல்லை. வாயில வைக்கேலாமல் கிடந்தது.”

“அது அப்பாவின்ர சீனி வருத்தத்துக்குப் போட்டது!” அவள் அடிப்பதை நிறுத்தினாள். கைகள் யாக்கெற்றிலேயே தங்கிவிட்டன. “அப்ப அவர் போயிட்டார்,” என்றாள் மிக மெதுவாக. “உண்மையாவே போயிட்டார்.”

ஒரே மனிதன் இரண்டாம் தரம் செத்ததைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் இருவரும் நின்றார்கள்.

“ஏன் அண்ணா சொல்லேல்லை?” ஆரபிக்குக் கோபம் இப்போதுதான் வந்தது. “அம்மா பேய் எண்டு நினைச்சு அந்தியேட்டியையே நிப்பாட்டப் பாத்தவா!”

“சொல்லத்தான் வந்தனான். முதல் நாள் வெளியில நிண்டு கண்ணாடிக்குள்ளால பாத்தனான். அம்மா நிலத்தைப் பாத்துச் சிரிச்சவா.” நிருஜன் துடைப்பத் தடியைப் பிடித்தபடி பேசினான். “சின்னனில இஞ்சை இருந்துதானே ஹோம்வேர்க் செய்தனாங்கள். அப்பா எப்பிடித் துடைக்கிறவர் எண்டு எனக்குத் தெரியும். அவரின்ர யாக்கெற்றுக்குள்ள திறப்பும் கிடந்தது. அவரோட கதைக்கத் தெரியேல்லை. இதை மட்டும்தான் செய்யத் தெரிஞ்சுது. இது வேலையோ எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம்தானே.”

சிவமலர் மகனின் கழுத்துப் பாம்பைப் பார்த்தாள். கைநீட்டி, அதன் தலையில் ஒரு தூசியைத் தட்டுவதுபோல் தட்டினாள்.

அப்போது முன்கதவு திறந்தது. விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக எரிந்தன.

“மகேசன்!” என்று சந்தோசமாகக் கத்தியபடி, பனித் தொப்பியோடு உள்ளே வந்தாள் இங்கர். பாலர் பள்ளியின் தலைவி. தொலைபேசியை மறந்துவிட்டுப் பாதிவழியில் திரும்பியவள். அவள் பார்த்தது நீல யாக்கெற்றின் முதுகை மட்டும். நிருஜன் திரும்பியதும் அவளுடைய சிரிப்பு தடுமாறியது. “மன்னிக்கவேண்டும். நீங்கள் மகனா? அப்பா எங்கே?”

இதுதான் சிவமலர் ஒரு மாதமாக ஒளித்து வைத்திருந்தது. இங்கே யாருக்கும் அவள் சொல்லவில்லை. வேலை அவளுடைய பெயரில். மகேசனைப் பள்ளியில் எல்லோரும் அறிவார்கள், பிள்ளைகளின் சறுக்குவண்டிகளைத் திருத்திக் கொடுத்தவர். ஆனால் அவர் இங்கே வேலை செய்ததாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பெயரில்லாமல் வேலை செய்தவரால் அந்த இடத்தில் சாகவும் முடியவில்லை. ‘மகேசனுக்கு என் வணக்கம்’ என்று இங்கர் சொல்லும் ஒவ்வொரு முறையும், சொல்கிறேன் என்று சிவமலர் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, அவருடைய படத்துக்கு முன்னால் நின்று, உண்மையாகவே சொல்லியும் இருக்கிறாள்.

இப்போது சொன்னால் இரகசியம் முழுவதும் வெளியே வரும். வேலையும் போகலாம். ஆரபி அம்மாவின் கையை எச்சரிக்கையாகத் தொட்டாள்.

சிவமலர் அந்தக் கையை விலக்கினாள்.

“இங்கர்,” என்றாள் நோர்வேஜிய மொழியில். “என் கணவர் செத்துப்போனார்.”

அந்த வசனத்தை அவள் அதுவரை எந்த மொழியிலும் சொன்னதில்லை. எல்லாம் மற்றவர்கள்தான் அவளுக்காகச் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் ஒரு குட்டிக் கதிரையில் இருந்தாள்.

“எப்போது?” என்றாள் இங்கர்.

“போன மாதம்.”

“இல்லை,” என்றாள் இங்கர்.

அவளுடைய முகம் சுவரின் வெள்ளைக்குப் போயிருந்தது. “இல்லை, சிவமலர். திங்கட்கிழமை காலை நான் வரும்போது அவர்தான் எனக்கு உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டார். வணக்கம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பயணம் என்றார். இலங்கைக்கா என்று கேட்டேன். சிரித்தார்.”

ஆரபி அண்ணனைப் பார்த்தாள். நிருஜன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

“நான் காலமையில வந்ததில்லை,” என்றான் தமிழில். “ஒரு நாளும் வந்ததில்லை.”

வெந்நீர்க் குழாய்கள்கூட வாயை மூடிக்கொண்டன.

சிவமலர்தான் முதலில் பேசினாள். பயந்தவள் கேட்கிற கேள்வி அல்ல அது. பெண்சாதி கேட்கிற கேள்வி.

“என்ன உடுத்திருந்தார்?” என்றாள் இங்கரிடம்.

“வெள்ளைச் சேர்ட்,” என்றாள் இங்கர். “அது மட்டும்தான். மூக்கே உறைகிற குளிர். மேலே குளிருக்கு ஒன்றும் போடாமல் நிற்கிறீர்களே என்றுகூடச் சொன்னேன்.”

சிவமலர் கண்ணை மூடினாள். அவரைப் பெட்டியில் வைத்தபோது அந்த வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுவிட்டது அவள்தான். அவள் கண்ணைத் திறந்தபோது, அதில் காலையிலிருந்து நின்ற பிடிவாதம் இல்லை.

“பிள்ளை,” என்றாள் ஆரபியிடம். “ஐயருக்குப் போன் அடி. ஓம் எண்டு சொல்லு.”

“அம்மா...”

“அவர் பயணம் எண்டு சொல்லிப்போட்டார். நான் மறிச்சுக்கொண்டு நிக்கிறது சரியில்லை.” பிறகு அவள் மகனை நோக்கிக் கையை நீட்டினாள். “தம்பி, அந்த யாக்கெற்றைக் கழட்டு. ஞாயிற்றுக்கிழமை ஐயருக்குக் குடுக்கிற தானத்தில வைக்கவேணும். வேட்டியும் குடையும் செருப்பும் இந்த ஊர்க் குளிருக்குக் காணாது. அவர் விறைச்சுப்போவார்.”

எள்ளும் தண்ணியும் இறைத்து, தகப்பனை அனுப்பிவைக்க வேண்டிய மூத்த மகன், தகப்பனின் யாக்கெற்றுக்குள் நின்றான். ஒரு கை யாக்கெற்றை மூடும் சிப்புக்குப் போனது. சிப் கீழே வரவில்லை. கழுத்தை மூடி நாடிவரைக்கும் மேலே போனது.

“தரமாட்டன், அம்மா,” என்றான் நிருஜன்.